மீன் பெட்டியில் காய்கறித் தோட்டம்

திருவொற்றியூர், எண்ணூர், இராயபுரம் என்றதும் துறைமுகமும் ஆலைப் புகைபோக்கிகளும் சரக்கு லாரிகளுமே நினைவுக்கு வரும். காய்கறித் தோட்டம் யாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால் மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் வட்டாரச் சிறு விவசாயக் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் இப்பகுதி ஆலைகளில் வேலை பார்த்து, இங்கேயே ஓர் அறை, ஒரு வாசல், ஒரு மொட்டை மாடி என்று குடியிருக்கிறார்கள். கைக்குப் பழகிய மண் வேலையை விட மனமில்லாமல் கிடைத்த இடத்தில் நாலு கத்தரிச் செடி வைக்கிறார்கள். அது நல்ல காரியம்தான். ஆனால் வயலில் செய்வதை அப்படியே இங்கே செய்தால் பலன் கிடைக்காமல் போவதோடு, உடலுக்குக் கேடும் வரக்கூடும். மீஞ்சூர்ப் பக்கத்தில் கொல்லையில் காய்கறி போடுகிறவர்களும் இதில் சிலவற்றைக் கவனிக்க வேண்டியுள்ளது.

முதல் கேள்வி, எந்த மண்ணில் நடுவது என்பதே. வீட்டு வாசலில் மண் இருக்கிறது, கொத்திவிட்டு விதைத்தால் ஆயிற்று என்று நினைப்பது இயல்பு. வடசென்னைக் கடற்கரையோரத்தில் அந்த மண்ணை நம்பக் கூடாது. காரணங்கள் மூன்று.

முதலாவது உப்பு. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்ததால் கடல் நீர் உட்புகுந்தது 1960களின் இறுதியிலேயே கண்டறியப்பட்ட செய்தி. கடலோரத்தில் உள்ள கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் பல இடங்களில் உவர்ப்பாகவே உள்ளன. காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் தொடங்கப்பட்டு, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீரைத் தரும் திறனோடு அமைந்தது என்றால், இப்பகுதியின் நிலத்தடி நீரின் நிலையை அதிலிருந்தே ஊகிக்கலாம்.

இரண்டாவது சாம்பல். அனல் மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் பறக்கும் சாம்பல் குழாய் வழியாகக் குட்டைகளுக்குப் போகிறது. காற்றிலும் கலக்கிறது. குழாய் உடைந்து கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்திலும் படிந்திருக்கிறது. சாம்பல் குட்டையை ஒட்டியே இருக்கும் செப்பாக்கம் போன்ற ஊர்களில் இது அன்றாடத் தொல்லை. அடுப்புச் சாம்பலை உரமாகப் போட்டுப் பழகிய விவசாயிகள் இதையும் அது போல எண்ணி அள்ளிப் போட்டுவிடக் கூடாது. விறகுச் சாம்பலில் சாம்பல் சத்து உண்டு. அது பயிருக்கு உரம். நிலக்கரிச் சாம்பலிலோ போரான் மிகுதியாக இருப்பதோடு ஆர்செனிக், ஈயம் போன்ற நச்சுத் தனிமங்களும் கலந்திருக்கும். செங்கல் செய்ய அது தக்கது, கீரைப் பாத்திக்குத் தகாது.

மூன்றாவது எண்ணெய். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தில் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியது. எர்ணாவூர், காட்டுக்குப்பம் பகுதிகளில் வீட்டுச் சுவர்களிலும் படகுகளிலும் வலைகளிலும் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. அவ்வெள்ளம் நின்று வடிந்த வாசல் மண்ணில் இன்றும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அரை அடி ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துக் கண்ணாடித் தம்ளரில் போட்டு நீர் ஊற்றிக் கலக்கி வையுங்கள். நீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதந்தாலோ, மண்ணெண்ணெய் வாடை வீசினாலோ அந்த மண்ணில் சாப்பிடும் பொருள் எதையும் பயிரிடக் கூடாது. படலம் இல்லை என்பதற்காக மண் நல்லது என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. இச்சோதனை கெட்டதைக் காட்டிக் கொடுக்குமே தவிர, நல்லது என்று சான்று தராது.

ஆகவே வழி ஒன்றுதான். தரை மண்ணை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேல் உடைந்த செங்கல்லோ பழைய ஓடோ பரப்பி, வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணை நிரப்பிய தொட்டிகளில் பயிரிடுவதே நலம். இது புதுமையும் அல்ல. 1990களில் கியூபா நாட்டின் தலைநகர் ஹவானாவில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, நகரத்துக் காலி மனைகளின் மண் பயிருக்கு உதவாது என்று கண்டு, கல்லும் பலகையும் கொண்டு கட்டிய மேட்டுப் பாத்திகளில் மட்கு எருவை நிரப்பித்தான் காய்கறி விளைவித்தார்கள்.

பெட்டியும் மண்ணும்

தொட்டிக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வைத்து மீன் அனுப்பும் தெர்மகோல் பெட்டிகள் ஓரம் உடைந்தால் ஒதுக்கப்படுகின்றன. ஏறக்குறைய இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓரடி ஆழம் உள்ள பெட்டி கத்தரிக்கும் மிளகாய்க்கும் போதும். வெயிலில் மண் சூடேறாமல் காக்கும் குணம் இதற்கு உண்டு என்பது கூடுதல் நன்மை. சித்திரை வெயிலில் இரும்புத் தகர டின்னில் வைத்த செடியின் வேர் வெந்துவிடும். இதில் அப்படி ஆகாது. பெட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் நல்ல தண்ணீர் நிரப்பி வைத்துக் கொட்டிவிட்டால் உப்பும் வாடையும் போகும். அடியில் விரல் பருமனில் ஆறு துளைகள் இட்டு, இரண்டு செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும்.

தெர்மகோல் வெயில் பட்டுப் பட்டு உதிரத் தொடங்கும். மணி மணியாக உதிர்ந்தது காற்றில் பறந்து சாக்கடைக்கும் கடலுக்கும் போய்ச் சேரும். அதைத் தள்ளிப்போட, வெளிப்புறத்தில் அரிசிக் கஞ்சியும் சுண்ணாம்பும் கலந்து இரண்டு பூச்சு பூசலாம், அல்லது பழைய சாக்கைச் சுற்றித் தைத்துவிடலாம். எண்ணெய் பெயிண்டு மட்டும் கூடாது. அதில் கலந்திருக்கும் தின்னர் தெர்மகோலைக் கரைத்து ஓட்டையாக்கிவிடும். பெட்டி உடைந்தபின் எரிக்கவும் கூடாது, அந்தப் புகை நஞ்சு. குப்பை எடுக்க வருபவரிடம் தனியே கொடுத்துவிட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லியாக வேண்டும். ஆலைப் பகுதிகளில் நீல நிற பிளாஸ்டிக் பீப்பாய்கள் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. உள்ளே முன்பு என்ன இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது. சமையல் எண்ணெயோ வினிகரோ இருந்தது என்று சீட்டு ஒட்டியிருந்தால் வாங்கலாம். சீட்டு இல்லாத பீப்பாய் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது தண்ணீர் பிடிக்கவும் வேண்டாம், செடி வைக்கவும் வேண்டாம்.

மண் கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு, நன்கு மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. செலவு பெரும்பாலும் செம்மண்ணுக்குத்தான். நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு சிறு வண்டி மண்ணாக வாங்கினால் மூட்டைக் கணக்கில் வாங்குவதைவிடக் குறைவாக முடியும். செங்குன்றம் பக்கத்து உறவினர் யாராவது வரும்போது ஒரு சாக்கு கொண்டுவரச் சொன்னாலும் சரி. கடற்கரை மணலைக் கலக்கவே கூடாது. தென்னை நார்க் கட்டியிலும் உப்பு இருக்கும். ஊற வைத்துப் பிழிந்து அந்த நீரைக் கொட்டிவிட்டு, இது போல மூன்று முறை செய்த பிறகே கலவையில் சேர்க்க வேண்டும். இந்தச் சிறு வேலையைச் செய்யாததால்தான் பலருக்கும் முதல் தடவை நாற்று நுனி கருகிப் போகிறது. பழியோ விதைக் கடைக்காரர் மேல் விழுகிறது.

மொட்டை மாடியில் வைக்கிறவர்கள் பாரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நனைந்த மண்ணோடு ஒரு பெட்டி ஏறக்குறைய 70 கிலோ எடை வரும், ஓர் ஆள் எடை. இராயபுரத்துப் பழைய வீடுகளில் தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளங்கள் இன்னும் உள்ளன. அவற்றில் நடுவில் பெட்டி வைக்கலாகாது. சுவரை ஒட்டிய ஓரங்களில் மட்டும், அதுவும் ஒழுகல் இல்லாத தளமானால் வைக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு எந்தப் பாரமும் ஆகாது.

தண்ணீர்

குடிநீர் வாரியம் தரும் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற மனம் வராது. அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீரை ஒரு வாளியில் சேர்த்தாலே ஐந்தாறு பெட்டிகளுக்குப் பெரும்பாலும் போதும். சோப்பு நீரும் உப்புப் போட்ட நீரும் வேண்டாம். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து கழிவாக வரும் நீரில் உப்பு இரட்டிப்பாக இருக்கும். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளலாம். மீன் கழுவிய நீரை ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுவது இப்பகுதிப் பெண்களின் நெடுநாள் பழக்கம், பலனும் உண்டு. ஐந்து பங்கு நீர் சேர்த்து, வாரம் ஒரு முறையோடு நிறுத்திக்கொண்டால் உப்பும் சேராது, பூனையும் வராது.

கிணற்று நீரைத்தான் ஊற்றியாக வேண்டும் என்றால் ஒரு முறை பரிசோதித்துப் பார்ப்பது நல்லது. மின் கடத்தும் திறன் 0.75 டெசிசைமனுக்குள் இருந்தால் பயமில்லை. 2.25ஐத் தாண்டினால் தொட்டிச் செடிக்கு அந்த நீர் கூடாது. இடைப்பட்ட நீரானால் மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரை வழக்கத்தைப் போல் இரண்டு மடங்கு ஊற்றி, அடித் துளை வழியாக ஓட விட்டு உப்பைக் கழுவ வேண்டும். பெட்டி ஓரத்தில் வெள்ளைப் பொருக்குத் தெரிந்தால் கழுவும் காலம் வந்துவிட்டது என்று பொருள். ஐப்பசி மழை இந்த வேலையைச் செலவில்லாமல் செய்து கொடுக்கும்.

எதை நடுவது?

உப்பைத் தாங்குவதில் கொத்தவரைக்கு ஈடில்லை. காராமணியும் ஓரளவு தாங்கும். கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவை நடுத்தரம். பீன்ஸ், வெங்காயம், கேரட் ஆகியவற்றைக் கடலோர வீடுகளில் முயல்வது வீண். தக்காளியில் பெரியகுளம் ஆராய்ச்சி நிலையம் தந்த பி.கே.எம்.1, கீரையில் கிள்ளி எடுக்கத் தக்க கோ.3 ஆகியவை பழகிய இரகங்கள். இவற்றில் நாமே விதை எடுத்துக்கொள்ளலாம். ஒட்டு வீரிய விதையாக வாங்கினால் ஒவ்வொரு முறையும் கடைக்குப் போக வேண்டும்.

ஒரு பெட்டியில் கத்தரி இரண்டு அல்லது மிளகாய் மூன்று அல்லது வெண்டை நான்கு என்பது அளவு. ஆசைக்கு ஒன்று கூட வைத்தால் எல்லாமே நோஞ்சானாகிவிடும். கீரை விதையை ஒரு சிட்டிகை எடுத்து நான்கு பங்கு சலித்த மண்ணோடு கலந்து தூவி, மேலே மெல்லிதாக எரு தூவினால் போதும். 20 முதல் 25 நாட்களில் முதல் கிள்ளல், பிறகு வாரம் ஒரு முறை.

கீரையைப் பற்றி ஒரு யோசனை. சாம்பலும் புழுதியும் படியும் இடங்களில் கீரையும் கிழங்குமே முதலில் மாசுபடும். கன உலோகங்கள் காயைவிட இலையிலும் வேரிலும் மிகுதியாகச் சேரும். இலையின் மேல் படிவது வேறு. எனவே மின் நிலையத்துக்கு அருகில் இருப்பவர்களும், லாரி ஓயாமல் ஓடும் சாலையை ஒட்டி இருப்பவர்களும் தக்காளி, கத்தரி, அவரை, கொத்தவரை என்று காய்களாகவே வைப்பது நல்லது. கீரை வேண்டுமானால் வீட்டின் பின்பக்கம், சுவர் மறைவில் வைத்து, பறித்தபின் அகலமான பாத்திரத்தில் மூன்று முறை நீர் மாற்றி அலசிச் சமைக்க வேண்டும். சிறு குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டில் இதில் சலுகையே கூடாது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தடுக்கும்.

இடம் உள்ளவர்கள் காற்று வரும் பக்கத்தில் நொச்சி, ஆடாதோடை, பூவரசு ஆகியவற்றை வேலியாக நட்டால் புழுதி பாதி குறையும். பூவரசு கடலோரத்துக்கென்றே பிறந்த மரம். கோயிலடியில் மகிழ மரத்தைப் பார்த்தே வளர்ந்த திருவொற்றியூர்க்காரர்களுக்கு அதை நடச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இலைகளில் நரம்புகளுக்கு இடையே திடீரென்று வெளுத்த திட்டுகள் தோன்றினால் உடனே பூஞ்சண மருந்து தேடி ஓட வேண்டாம். நோய் என்றால் ஒரு செடியில் தொடங்கி மெல்லப் பரவும். ஆலை வாயுவால் வந்த கருகல் ஒரே இரவில், காற்று வீசிய பக்கத்து இலைகளில், பல வகைச் செடிகளிலும் ஒன்றாகத் தெரியும். அதற்கு மருந்து கிடையாது. நீர் தெளித்துக் கழுவிவிட்டால் புதுத் துளிர் வரும். அப்படிக் கருகியது என்றால் வீட்டில் உள்ளவர்களும் அதே காற்றைத்தான் சுவாசித்திருக்கிறார்கள். தேதியும் நேரமும் குறித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிப்பது தோட்டத்தை விட முக்கியமான வேலை.

மீன் கழிவே உரம்

மற்ற ஊர்க்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய ஒரு வசதி இங்கே உண்டு. மீன் வெட்டும் இடங்களில் குடலும் செவுளும் தலையும் சும்மாவே கிடைக்கும். ஒரு கிலோ கழிவுக்கு ஒரு கிலோ வெல்லம் என்ற அளவில் பிளாஸ்டிக் வாளியில் போட்டு, காற்றுப் புகாமல் மூடி, நிழலில் வைக்க வேண்டும். 21 நாட்களுக்குப் பிறகு தேன் போன்ற கரைசல் மேலே நிற்கும். கெட்ட வாடை இராது. வாடை வந்தால் வெல்லம் குறைவு என்று அறியலாம். வடிகட்டி எடுத்து, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி கலந்து 15 நாட்களுக்கு ஒரு முறை மாலையில் தெளித்தால் பயிர் பச்சை கட்டும். அளவு மீறினால் இலை கருகும். முதல் தர வெல்லம் தேவையில்லை. கடையில் நசுங்கிப்போன, ஒழுகிய வெல்லமே போதும். கருவாட்டுக் கழிவு மட்டும் ஆகாது, அதில் உள்ள உப்பு செடியைக் கொன்றுவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அப்போது கழிவு குறையும் என்பதால் பங்குனியிலேயே கரைசலைப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஆடிப் பட்டத்துக்கு அது கைகொடுக்கும்.

பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசலே போதும். 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு ஊற வைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம். வெண்டையில் மாவுப்பூச்சி வந்தால் முதலில் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவிவிட்டு, அதன் பிறகு தெளிப்பது நல்லது.

வலையும் கிளிஞ்சலும்

தடைக் காலத்தில் வலை பின்னும் மீனவர்கள் ஒதுக்கும் பழைய வலைத் துண்டுகள் அவரைக்கும் புடலைக்கும் பீர்க்கனுக்கும் அருமையான பந்தல். இழுத்து விறைப்பாகக் கட்ட வேண்டும். தொய்ந்து கிடந்தால் அணிலும் குருவியும் சிக்கிச் சாகும். வலையோரத்து மிதவைகளைக் கழற்றி வரிசையாகக் கோத்து வாசல் நிலையில் தொங்கவிட்டால் அதுவே தோரணம். கொட்டாங்குச்சியில் மூன்று துளை இட்டு, கயிற்றில் தொங்கவிட்டுப் புதினாவோ பத்துமணிப் பூவோ வளர்க்கலாம். தொட்டிகளுக்குச் சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாக அடித்தால் கோயில் மதில் போல எடுப்பாக இருக்கும், செலவும் சொற்பம். கோலம் போடத் தெரிந்த பெண் பிள்ளைகள் இந்தப் பட்டையின் மேலேயே சிக்குக் கோலம் போட்டு விடுகிறார்கள். பீங்கான் ஓட்டுத் துண்டுகளைச் சிமென்டில் பதித்துத் தொட்டி ஓரம் கட்டுவது கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஒதுக்கலாம்.

கிளிஞ்சலைப் பாத்தி ஓரத்தில் கவிழ்த்துப் பதிக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் மழை நீர் தேங்கி, டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும். பழைய டயருக்கும் இதே பயம் உண்டு. வாசலில் டயர்த் தொட்டி வைக்கிறவர்கள் அடிப்புறம் நெடுகத் துளை இட்டு, பூச்செடி மட்டும் வைப்பது நல்லது. பழைய கதவு, ஜன்னல் பலகைகளைத் தோட்டத்துக்குப் பயன்படுத்தும்போது அதன் பழைய பெயிண்டைச் சுரண்டக் கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது.

வரவு என்ன?

நாளொன்றுக்கு ஒருவர் 400 கிராம் காய்கறி உண்ண வேண்டும் என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டி. நான்கு பேருக்கு 1,600 கிராம். ஆறு பெட்டிகள் இதைத் தரவே தரா. கறிவேப்பிலை, மிளகாய், புதினா, வாரம் இரண்டு முறை ஒரு கீரை, இடையிடையே கால் கிலோ வெண்டை அல்லது கத்தரி என்பதே நியாயமான எதிர்பார்ப்பு. முதல் ஆண்டில் மண் வாங்கிய காசு திரும்பினால் நல்லது, இரண்டாம் ஆண்டில்தான் மிச்சம் தெரியும். ஐம்பது பெட்டி வைத்துப் பணம் பண்ணலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பணம் உண்மையில் இருப்பது மீஞ்சூர், சோழவரம் பக்கத்துச் சிறு விவசாயிகளுக்கு. நகரத்தார் தேடுவது நல்ல செம்மண், மட்கிய எரு, பூச்சியில்லாத நாற்று. மாடு வைத்திருப்பவர் எருவைச் சலித்து ஐந்து கிலோ பைகளாகக் கட்டியும், குழித்தட்டில் கத்தரி, மிளகாய் நாற்று வளர்த்தும் வாரச் சந்தைக்குக் கொண்டுவந்தால் வயல் விளைச்சலோடு ஒரு கை வரவாகும். நாற்றுக்கும் கிணற்று உப்புத் தண்ணீர் ஆகாது என்பதை மறந்துவிடக் கூடாது.

சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் தளைகளைத் தோட்டக்கலைத் துறை 2013-14ஆம் ஆண்டு முதல் மானிய விலையில் வழங்கத் தொடங்கியது. பின்னர் அது மற்ற இடங்களுக்கும் விரிந்தது. அவ்வப்போது அறிவிப்பு வரும்போது ஆதார் அட்டையுடன் விண்ணப்பிக்கலாம். பயிற்சிக்குக் கிண்டியில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத் தகவல் மற்றும் பயிற்சி மையத்தையும், திருவள்ளூர் மாவட்டத்தார் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். மண்ணையும் நீரையும் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறவர்கள் நீரைச் சுத்தமான பாட்டிலில் அரை லிட்டர் பிடித்து அன்றைக்கே கொடுக்க வேண்டும். ஈயமும் ஆர்செனிக்கும் சாதாரண மண் பரிசோதனையில் தெரியாது. அவற்றையும் பார்க்க முடியுமா, எங்கே பார்க்கலாம் என்று கொடுக்கும்போதே கேட்டுக்கொள்வது அவசியம்.